எழுத்தாகவே நின்ற மறை: நாகைக் கரையில் திருக்குர்ஆனின் தலைப்பெழுத்துகள்

திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 29 அத்தியாயங்கள் சொல்லால் தொடங்கவில்லை; எழுத்தால் தொடங்குகின்றன. இரண்டாம் அத்தியாயத்தின் முகப்பில் ‘அலிஃப், லாம், மீம்’ என மூன்றெழுத்து. பத்தொன்பதாவதில் ‘காஃப், ஹா, யா, ஐன், ஸாத்’ என ஐந்தெழுத்து. அறுபத்தெட்டாவதில் ‘நூன்’ என ஒற்றை எழுத்து. அரபியில் இவற்றுக்கு ‘முகத்தஆத்’ என்று பெயர். துண்டுபட்ட எழுத்துகள் என்பது பொருள். அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகளுள் சரிபாதியாகிய 14 எழுத்துகளே இவ்விடங்களில் வருகின்றன. அவை அமையும் சேர்க்கைகளும் 14 வகைப்படும்.

இவற்றின் பொருள் யாது என்னும் வினா ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. விடை முடிவாகவில்லை. ஆயினும் பொருள் துணியப்படாத இவ்வெழுத்துகளே நாகூர், நாகப்பட்டினத் தெருக்களில் நாள்தோறும் வாய்விட்டு அழைக்கப்படுகின்றன. யாசீன் என்றொருவருக்குப் பெயர். தாஹா என்று மற்றொருவருக்குப் பெயர். முன்னது 36ஆம் அத்தியாயத்தின் தலைப்பெழுத்துகள். பின்னது 20ஆம் அத்தியாயத்தின் தலைப்பெழுத்துகள். இரண்டும் நபிகள் நாயகத்தைக் குறிக்கும் திருப்பெயர்கள் என்றொரு மரபு உண்மையால், ஈரெழுத்து ஒரு மனிதனின் பெயராகிவிட்டது. இறக்கும் தறுவாயில் இருப்பவர் அருகிலும், இறந்தார் வீட்டிலும் ஓதப்படுவது 83 வசனங்கள் கொண்ட அந்த யாசீன் அத்தியாயமே. பிறப்பில் பெயராகவும் இறப்பில் ஓதலாகவும் வரும் ஈரெழுத்துக்கு உறுதியான பொருள் கூறுவார் எவருமிலர் என்பது இலக்கியம் பயில்வார் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

பல எழுத்து முறைகள் வந்திறங்கிய துறை நாகப்பட்டினம். இங்கெழுந்த சூடாமணி விகாரத்துக்கு அளிக்கப்பட்ட நிவந்தத்தைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள் உண்டு. அவற்றுள் 5 வடமொழியில் அமைந்தவை. 16 தமிழில் அமைந்தவை. ஒரே கொடையை இருமொழியில், ஈரெழுத்தில் பொறித்த ஆவணம் அது. 1658 முதல் 1781 வரை இத்துறை ஒல்லாந்தர் வசம் இருந்தது. அச்செப்பேடும் ஒல்லாந்தர் நாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. வடக்கே அடுத்துள்ள நாகூரில் 16ஆம் நூற்றாண்டில் அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா எழுந்தது. அதன் ஐந்து மினாராக்களுள் உயர்ந்ததாகிய 131 அடி மினாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்கர் (ஆட்சி 1739–1763) கட்டுவித்தார். அரபு, தமிழ், மராத்தி, பாரசீகம் ஆகியன ஒருங்கே ஒலித்த இத்தகைய ஊரில், ஓர் எழுத்தை எழுத்தாகவே மதித்து வைத்துக் கொள்வது எளிதில் கைவந்த பழக்கமாயிற்று.

இவ்வெழுத்துகள் முதன்முதல் எங்கே, யார் செவியில் விழுந்தன என்பதைப் பழைய வரலாறுகளிலிருந்து அறியலாம். மக்காவில் முசுலிம்கள் துன்புற்ற காலத்தில், கி.பி. 615ஐ ஒட்டி, ஒரு குழுவினர் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்டுக் கிறித்தவ மன்னர் நஜ்ஜாசியின் அவையில் ஜஃபர் என்பார் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார் என்பது மரபு. அந்த அத்தியாயம் ‘காஃப், ஹா, யா, ஐன், ஸாத்’ எனத் தொடங்குவது. வாளேந்திப் புறப்பட்ட உமறு கத்தாபு, தம் தங்கை வீட்டில் ஏட்டில் கண்டு மனம் மாறியது தாஹா அத்தியாயம். நபிகளாரோடு வாதிடச் சென்ற உத்பாவுக்கு ஓதிக் காட்டப்பெற்றது ‘ஹா, மீம்’ எனத் தொடங்கும் 41ஆம் அத்தியாயம். மூன்று நிகழ்ச்சிகளிலும் கேட்டவர் ஒருவர் பிறநாட்டு மன்னர், மற்றிருவர் எதிரணியினர். இவர்களுள் எவரும் ‘இதென்ன வெற்றெழுத்து’ என்று எள்ளியதாகச் செய்தி இல்லை. மக்கத்தார் எள்ளுவதற்கு இடந்தேடித் திரிந்தவர்கள். அவர்கள் இதனைக் கேலி செய்யாததே இவ்வெழுத்து வழக்கு அவர்க்கு முற்றிலும் அயலானதன்று என்பதற்குச் சான்று எனப் பிற்கால அறிஞர் சிலர் வாதிட்டனர். வலிமையான வாதமே அது.

இந்நிகழ்ச்சிகளுள் முதலிரண்டும் தமிழில் காப்பியச் செய்திகளாயின. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அபிசீனியப் பயணத்துக்குத் தனிப்படலம் உண்டு. உமறு கத்தாபு ஈமான் கொண்டதற்கும் தனிப்படலம் உண்டு. 5,027 விருத்தங்களால் நபிகளார் வரலாற்றைப் பாடிய அப்புலவர் அரபுப் பெயர்களைத் தமிழ் நெடுங்கணக்கின் இயல்புக்கு இயைய மாற்றிக்கொண்டவர். வானவர் கோன் ஜிப்ரயீல் அவர் பாட்டில் ‘சபுறயீல்’ ஆகிறார். சொல்லைத் தமிழ்ப்படுத்த வழி இருந்தது. சொல்லாகாத எழுத்தை என் செய்வது?

உரையாசிரியர் பக்கம் திரும்பினால் அங்கும் கருத்து பலவாகக் கிளைக்கக் காணலாம். ‘அலிஃப்’ அல்லாஹ்வையும், ‘லாம்’ ஜிப்ரயீலையும், ‘மீம்’ முகம்மதையும் சுட்டும் என்ற கருத்தொன்று நபித்தோழர் இப்னு அப்பாசின் பெயரால் வழங்குகிறது. ‘நானே அனைத்தும் அறிந்த அல்லாஹ்’ என்னும் தொடரின் சுருக்கம் அது என்ற வேறொரு கருத்தும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ‘நூன்’ என்பதற்கு மீன் என்று பொருள் கண்டனர் சிலர். மீன் வயிற்றில் இருந்த யூனுசு நபியைப் பற்றிய குறிப்பு அதே அத்தியாயத்தில் பின்னர் வருவது இதற்கு அரண் செய்கிறது. எழுத்தின் வடிவைக் கண்டு, அடுத்து வரும் எழுதுகோலோடு இயைத்து, மைக்கூடு என்றனர் வேறு சிலர். கடலோர ஊர்க்காரர் மீனையும், புலவர் மைக்கூட்டையும் விரும்புவர் போலும்.

எண்ணால் பொருள் காண முயன்ற வரலாறு சுவையானது. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தமிழில் க ஒன்றாகவும், உ இரண்டாகவும், ய பத்தாகவும் நின்றது போலவே. மதீனாவில் யூதத் தலைவர் ஹுயய் என்பார் ‘அலிஃப், லாம், மீம்’ என்பதைக் கேட்டு, 1, 30, 40 எனக் கூட்டி, இச்சமயத்தின் ஆயுள் 71 ஆண்டுகளே என்றாராம். வேறுண்டா என வினவ, ‘ஸாத்’ சேர்ந்து 161 வந்தது. ‘அலிஃப், லாம், ரா’ 231 ஆயிற்று. ‘அலிஃப், லாம், மீம், ரா’ 271 ஆயிற்று. உம் காரியம் எமக்குக் குழப்பமாகிவிட்டது என்று கூறி அவர் எழுந்து போனார் என்கிறது இப்னு இசுஹாக்கின் வழியில் வந்த வரலாறு. அந்த எண்முறை மட்டும் மறையவில்லை. நாகை, நாகூர்க் கடைகளின் பெயர்ப்பலகையிலும் கடிதத் தலைப்பிலும் காணப்படும் 786 என்பது ‘பிஸ்மில்லாஹ்’ தொடரின் எழுத்துகளைக் கூட்டி வந்த தொகையே. 1970களில் கணிப்பொறியின் துணையால் 19 என்னும் எண்ணைக் கொண்டு இவ்வெழுத்துகளின் புதிரை அவிழ்த்துவிட்டதாக ரஷாத் கலீபா என்பார் கூறினார். ஹுயய் அன்று கண்ட முடிவுக்கு மேல் இம்முயற்சியும் உறுதியாக எதையும் நிறுவிவிடவில்லை. இவற்றை ஏடுகளின் உரிமையாளர் பெயர்களுக்குரிய முதலெழுத்துகளாகக் கருதி 1860இல் எழுதிய செருமானிய அறிஞர் நோல்டெக்கே, பின்னாளில் அக்கருத்தைத் தாமே கைவிட்டார்.

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இனிப்பது 1144இல் மறைந்த ஸமக்ஷரியின் விளக்கம். இப்பதினான்கும் தற்செயலாகத் திரண்டவை அல்ல என்றார் அவர். அரபு எழுத்துகளை ஒலிப்பு வகையால் பகுத்தால், ஒவ்வொரு வகையிலும் பாதி இங்கு இடம்பெற்றுள்ளது. மூச்சொலியாகப் பிறக்கும் எழுத்துகள் 10. அவற்றுள் 5 இங்குண்டு. ஏனைய 18இல் 9 உண்டு. வல்லினம், மெல்லினம், இடையினம் ஒவ்வொன்றிலும் மும்மூன்று எழுத்தை எடுத்து ஒன்பதெழுத்தால் தமிழ் மெய் முழுவதையும் குறிப்பிட்டது போன்ற ஏற்பாடு இது. உங்கள் நாவில் வழங்கும் இவ்வெழுத்துகளால் ஆனதே இந்நூல், இயலுமாயின் இதுபோல் ஒன்று செய்து காட்டுங்கள் என்னும் அறைகூவல் இதில் அடங்கியுள்ளது என்பது அவர் கருத்து. இவ்வெழுத்துகளை அடுத்துப் பெரும்பாலும் ‘நூல்’, ‘வேதம்’, ‘தெளிவான வசனங்கள்’ என்ற பேச்சே வருவதும் இதற்கு இயைகிறது.

ஆயினும் அரபுக் கல்லூரிகளில் மாணவர் கைக்கு முதலில் வரும் விரிவுரை ஸமக்ஷரியினுடையதன்று. ‘ஜலாலைன்’ எனப்படும் சுருக்க உரையாகும். ஜலாலுத்தீன் என்ற பெயருடைய இருவர் அதனை எழுதினர். 1459இல் மறைந்த மஹல்லி பிற்பாதிக்கு உரை எழுதிவிட்டு மறைந்தார். 1505இல் மறைந்த சுயூத்தி முற்பாதியை எழுதி நிறைவு செய்தார். இரண்டாம் அத்தியாயத்து ‘அலிஃப், லாம், மீம்’ சுயூத்தியின் பகுதியில் அடங்கும். மர்யம் அத்தியாயத்து ஐந்தெழுத்து மஹல்லியின் பகுதியில் அடங்கும். ஈரிடத்தும் உரை ஒன்றே: இதனால் தான் கருதியது யாது என்பதை அல்லாஹ்வே நன்கறிவான். வேறொரு நூலில் இவ்வெழுத்துகளைப் பற்றிய கருத்துகளையெல்லாம் தேடித் தொகுத்த சுயூத்தி, உரை எழுதுமிடத்தில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். அறியாமையால் நிறுத்தியதன்று அது. முழுதும் அறிந்தவர் நிறுத்தியது.

இந்நிறுத்தத்துக்கு வேதத்திலேயே ஓரிடம் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தின் ஏழாம் வசனம் தெளிந்த பொருளுடைய வசனங்களையும் பல பொருட்கு இடந்தரும் வசனங்களையும் வேறு பிரிக்கிறது. பின்னவற்றின் விளக்கத்தை அல்லாஹ்வையன்றி எவரும் அறியார் என்ற கருத்தைக் கூறி, அறிவில் ஊன்றியோரைப் பற்றித் தொடர்கிறது. ‘அல்லாஹ்’ என்ற சொல்லோடு நிறுத்தி ஓதினால், அறிவில் ஊன்றியோரும் அறியாதவரே ஆவர், ஆனால் நம்புகிறவர். நிறுத்தாமல் சேர்த்து ஓதினால் அவர்களும் அறிந்தவராகின்றனர். ஒரு மூச்சை எங்கே விடுவது என்பதில் ஒரு சமயத்தின் அறிவுக் கொள்கையே தங்கியிருக்கிறது. பொருள்கோள் என்னும் துறையைத் தனியே வகுத்த தமிழர்க்கு இதன் அருமை விளங்கும். அந்த மூன்றாம் அத்தியாயமும் ‘அலிஃப், லாம், மீம்’ என்றே தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இவ்வெழுத்துகள் பெற்ற வாழ்வு அரபுத் தமிழோடு பிணைந்தது. அரபியில் இல்லாத ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டி, தமிழை அரபு எழுத்தால் எழுதிய முறை அது. காயல்பட்டினம், கீழக்கரை முதலாக நாகூர், காரைக்கால் வரையிலும், கடல் கடந்து ஈழத்திலும் அது வழங்கிற்று. கீழக்கரை இமாமுல் அரூசு (1816–1898) போன்ற ஆலிம்கள் அதில் நூல்கள் யாத்தனர். பள்ளிக்கூடம் அறியாத பெண்கள் பலர் வீட்டிலிருந்தே அதனை எழுதப் படிக்கக் கற்றனர். எழுத்தறியாதவர் எனக் கணக்கெடுப்பில் ஒதுக்கப்பட்ட பெண்களுள் சமய நூலும் கடிதமும் அரபுத் தமிழில் படித்தவர்கள் இருந்தனர் என்பதைத் தமிழ்க் கல்வி வரலாறு போதிய அளவு பேசியதில்லை.

அரபுத் தமிழ் ஏட்டில் இத்தலைப்பெழுத்துகள் எவ்வாறு தோன்றும் என்பது கருதத்தக்கது. அரபியர் உயிர்க்குறி இன்றியும் எழுதுவர். மொழி தெரிந்தவர் இட்டு நிரப்பிக்கொள்வர். தமிழை அவ்வாறு எழுதினால் படிக்க இயலாது. ஆதலால் அரபுத் தமிழில் எழுத்துதோறும் உயிர்க்குறி இட வேண்டியதாயிற்று. உயிர்க்குறிகள் நிறைந்த அத்தகைய பக்கத்தின் நடுவே இத்தலைப்பெழுத்துகள் மட்டும் குறியின்றி, நீட்டலைக் காட்டும் கோட்டை மேலே தாங்கி நிற்கும். மேலும், துண்டுபட்டவை என்று பெயரே தவிர, எழுதும்போது அவை ஒரு சொற்போல் இணைத்தே எழுதப்படும். கண்ணுக்கு ஒரு சொல், வாய்க்கு மூன்றெழுத்து. ஓதப் பழகும் சிறுவன் முதலில் எழுத்தின் பெயரைக் கற்கிறான். பின்னர்ப் பெயரை விட்டு ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கப் பழகுகிறான். அப்பழக்கம் கைவந்து முதல் அத்தியாயத்தைக் கடந்தவுடன், இரண்டாவதன் வாயிலில், விட்ட பெயர்களை மீண்டும் எடுத்து ஓதச் சொல்கிறார் உசுத்தாது.

20ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி திருக்குர்ஆன் முழுவதையும் தமிழில் பெயர்த்தார். அவரைத் தொடர்ந்து வேறு பெயர்ப்புகளும் வந்தன. நாகூரில் குலாம் காதிறு நாவலர் (1833–1908), மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட புலமையோடு, தமிழ் எழுத்திலேயே கலம்பகமும் புராணமும் பாடி வழிகாட்டியிருந்தார். அதே ஊரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ் எழுத்து வென்றது. அரபுத் தமிழ் மதரஸாப் பாட நூல்களுக்குள் ஒடுங்கிற்று. தமிழுக்கு இது ஆக்கமே. ஆயினும் 29 இடங்களில் ஓர் இழப்பு நேர்ந்தது. அதனைக் கண்டு கூறுவதும் ஆய்வாளர் கடனாகும்.

தமிழ்ப் பெயர்ப்புகளில் ‘அலிஃப், லாம், மீம்’ என்று பெயர்களையே எழுதிவிடுகின்றனர். வேறு வழியில்லை. ஆனால் அவ்வாறு எழுதியதும், சொற்போல் எழுதி எழுத்தாய் ஓதும் முரண் மறைந்துவிடுகிறது. ‘யாஸீன்’ எனச் சேர்த்தெழுதும்போது ஈரெழுத்து என்பதே புலப்படாமல் ஒரு பெயர்ச்சொல்லாகிறது. அதனினும் பெரிதொன்றுண்டு. அரபியில் அடிநாவில் பிறக்கும் எழுத்து வேறு. கடைநாவுக்குச் சற்று முன்னே பிறக்கும் எழுத்து வேறு. 50ஆம் அத்தியாயத்தின் தலைப்பெழுத்து முன்னது. மர்யம் அத்தியாயத்தின் முதலெழுத்து பின்னது. தமிழில் இரண்டும் ‘காஃப்’. மர்யமில் வரும் ஹாவும் ‘ஹா, மீம்’ என்பதில் வரும் ஹாவும் வேறுவேறு எழுத்துகள். தமிழில் இரண்டும் ஒரே வடிவம். ‘ஸீன்’, ‘ஸாத்’ என்பவற்றின் முதல் ஒலிகளும் தமிழில் ஒன்றாகின்றன. பதினான்கு என்று எண்ணி ஸமக்ஷரி கட்டிய கோட்டையில் மூன்று தூண்கள் தமிழ் எழுத்தில் தெரிவதில்லை. சில பதிப்பாளர் ‘ஃகாஃப்’ என ஆய்தம் முன்னிட்டு வேறுபடுத்த முயன்றனர். ஆய்தத்தின் ஒலிப்பைப் பற்றித் தமிழ்ப் புலவரே இன்னும் ஒருமுடிபுக்கு வராதிருக்க, அதனைத் துணைக்கு அழைத்தது துணிவுதான்.

அகரம், லகரம், மகரம் என்று பெயர்த்தால் என்ன? அலிஃப் என்பது ஒலியன்று, எழுத்தின் பெயர். தமிழிலும் எழுத்தைப் பெயரிட்டழைக்கக் கரம், காரம், கான் என்னும் சாரியைகளைத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே வழங்கி வருகிறோம். இலக்கண நோக்கில் அப்பெயர்ப்பு குற்றமற்றது; திருவள்ளுவரின் முதற்குறளும் அகரத்தையே முன்னிறுத்துகிறது. ஆனால் பெயர்ப்பாளர் அவ்வழி போகாமல் அரபுப் பெயரையே வைத்துக்கொண்டனர். வேதத்தின் ஓரெழுத்தை ஓதினால் பத்து நன்மை. ‘அலிஃப், லாம், மீம்’ ஓரெழுத்தன்று, மூன்றும் மூன்றெழுத்து என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதி தொகுப்பில் உள்ளது. எழுத்துதோறும் பயன் சொல்லப்பட்ட இடத்தில் எழுத்தை மாற்ற அவர் மனம் ஒப்பவில்லை. மர்மமான பொருளைக் காட்டிலும் ஓதும் ஒலியே அவர்க்கு முதன்மையாக இருந்தது எனலாம்.

ஞானப் புலவர் மட்டும் வேறு வழி கண்டனர். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ‘பிஸ்மில் குறம்’, குறத்தி குறி சொல்லும் நாட்டு வடிவத்தில் பிஸ்மில்லாவின் மறைபொருளை விரிக்கிறது. ஐந்தெழுத்தையும் எட்டெழுத்தையும் ஓதிப் பழகிய தமிழ் மண்ணில், எழுத்தை உடம்போடும் மூச்சோடும் இயைத்துப் பாடுவது புதிதன்று. நிமிர்ந்த ஒற்றைக் கோடாகிய அலிஃபை ஏகத்துக்கும், மீமை முகம்மதின் ஒளிக்கும் குறியாக்கிய சூபியரின் பழக்கத்துக்கு இங்கே அணியமாக ஒரு நிலம் காத்திருந்தது. ஆலிம்கள் சிலர் இதனை ஐயுற்றனர். உரைக்குரிய கட்டுப்பாடு வேறு, பாட்டுக்குரிய உரிமை வேறு என்பதை இருசாராரும் ஓரளவு உணர்ந்திருந்ததால் இரண்டும் ஒரே ஊரில் வாழ முடிந்தது.

எஞ்சி நிற்பது ஓதும் முறை. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. இசையில் இவ்வளவைக் கடந்து ஒலித்தலுண்டு என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் உடன்படுகிறார். தலைப்பெழுத்துகளின் பெயர்களை ஓதுங்கால் நீட்டல் அதனினும் மிகும். ஹா, யா, தா, ரா, மற்றை ஹா என்னும் ஐந்துக்கும் இரண்டளவு. தமிழ் நெடிலுக்கு ஒத்தது. லாம், மீம், நூன் முதலிய எட்டெழுத்துக்கு ஆறளவு வரை நீட்டம் உண்டு. அவற்றுள் ஐன் மட்டும் நான்காகவும் நிற்கும். அவ்வெட்டையும் நினைவில் வைக்க மதரஸாக்களில் ‘நகஸ அஸலுகும்’ என்னும் தொடரைச் சொல்லிக் கொடுப்பர். அதன் எழுத்துகளைப் பிரித்தால் எட்டும் வரும்; சேர்த்தால் ‘உங்கள் தேன் குறைந்தது’ என்று பொருள் வரும். பொருளறியாத எழுத்துகளை நினைவில் இருத்த, பொருளுள்ள தொடர் ஒன்றை யாரோ ஓர் ஆசிரியர் கட்டி வைத்தார். ஐந்தும் எட்டும் பதின்மூன்று. பதினான்காவதாகிய அலிஃபுக்கு நீட்டம் கிடையாது. ஓதுவோர் அதனைச் சட்டெனச் சொல்லிவிட்டு லாமில் மூச்சை நீட்டத் தொடங்குகின்றனர்.